சாயப்பட்டறையின் சமூகச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

முதலாளி ஏற்கும் செலவும், அவர் தொழிலால் பிறர் தலையில் விழும் செலவும் சேர்ந்ததே சமூகச் செலவு. முதலில், முதலாளி தம் கணக்கேட்டில் எழுதும் செலவுகளைத் தனியே எடுத்து வையுங்கள். திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயமேற்றும் பட்டறை என்றால் சாயம், உப்பு, தண்ணீர், கொதிகலனுக்கு விறகு, மின்சாரம், கூலி, எந்திரத் தேய்மானம் ஆகியவை அதில் இருக்கும். சொந்த இடமானாலும், வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுவே தனியார் செலவு.

அடுத்து, ஏட்டில் ஏறாமல் பிறர் தலையில் விழும் புறச்செலவைத் தேட வேண்டும். பட்டறையை விட்டு வெளியேறும் பொருளின் பின்னாலேயே போவது இதற்கு நல்ல வழி. பருத்தியில் சாயம் பிடிப்பதற்காகக் கொட்டும் உப்பு, துணியோடு போவதில்லை, கழிவுநீரோடு போகிறது. நிறத்தை நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு, கரைந்த உப்பைத் தொடுவதில்லை என்பதால், பார்வைக்குத் தெளிந்த நீரும் நொய்யல் ஆற்றை உவர்ப்பாக்கியது. பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனதால், தண்ணீர் திறக்கவே வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. குறைந்த விளைச்சல், கிணறு உப்பானபின் விலைக்கு வாங்கும் குடிநீர், கால்நடைகளுக்கு நேர்ந்த கேடு ஆகியவற்றை இங்கே எழுதுங்கள்.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். விளைச்சல் இழப்பையும், அதே காரணத்தால் சரிந்த நிலவிலையையும் சேர்த்து எழுதினால் ஒரே நட்டம் இருமுறை ஏறிவிடும். பட்டறைகள் பெருகியதால் ஊரில் வீட்டு வாடகை உயர்ந்தது என்பதையும் சேர்க்கக் கூடாது; ஒருவர் கூடுதலாகக் கொடுப்பது இன்னொருவர் கைக்குப் போகிறதே தவிர, வளம் எதுவும் அழிவதில்லை.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். புறச்செலவு மட்டுமே சமூகச் செலவு என்று தேர்வுத்தாளில் எழுதுவோர் உண்டு, அது தவறு. கற்பனையாக, ஒரு கிலோ துணிக்குத் தனியார் செலவு 100 ரூபாய், புறச்செலவு 15 ரூபாய் என்றால் சமூகச் செலவு 115 ரூபாய். சாயமேற்றக் கிடைக்கும் கட்டணம் 105 ரூபாயானால், முதலாளிக்கு 5 ரூபாய் லாபம்; சமூகத்துக்கோ 10 ரூபாய் நட்டம். கடைசியாகச் சாயமேற்றிய கிலோவால் விளையும் புறச்செலவுக்கு ஈடாக வரி விதிக்கலாம் என்பது ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் பிகூ காட்டிய வழி.

திருப்பூரில் வரியைவிட நீதிமன்றமே முந்திக்கொண்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது; அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாத இத்தகைய சுத்திகரிப்பை நடத்தும் பட்டறையைக் கணக்கிடும்போது, சவ்வு வடிகட்டிக்கும் ஆவியாக்கிக்கும் ஆகும் தொகையைத் தனியார் செலவில் எழுதி, இனி நேராத பாதிப்பைப் புறச்செலவிலிருந்து கழித்துவிடுங்கள். ஆவியாக்கியபின் மிஞ்சும் கலப்பு உப்பு பாதுகாப்பாக அகற்றப்படாமல் கொட்டகையிலேயே குவிந்திருந்தால், அதனால் பின்னாளில் வரக்கூடிய செலவுக்கு மட்டும் கணக்கில் தனியாக ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.