காய்ந்த செடியைப் பிடுங்குவதற்கு முன்: மாடித்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும் செம்பருத்தி, சித்திரை வெயிலில் கருகிய மல்லி, மார்கழியில் மொட்டையாகிவிட்ட அடீனியம். பார்த்ததும் "செத்துப்போச்சு" என்று முடிவுகட்டித் தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம். மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதை மட்டும் முடியாது.

நகத்தால் தண்டின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் அங்கேயே விட்டுவிடாமல் படிப்படியாகக் கீழே சுரண்டி வாருங்கள். மேல்பாதி காய்ந்து அடித்தண்டு மட்டும் பிழைத்திருப்பது வெகு சாதாரணம். காய்ந்ததைப் பச்சை தொடங்கும் இடம்வரை வெட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு அது தானாகத் துளிர்க்கப் பார்க்கும். சில செடிகளுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை, அவை வெறுமனே உறங்குகின்றன. அடீனியம் குளிர்மாதங்களில் இலையுதிர்ப்பது இயல்பு. செங்காந்தள் காய் முற்றியதும் கொடி முழுக்கக் காய்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு அடுத்த மழைக்காலம்வரை கிடக்கும். அந்த நேரத்தில் பரிதாபப்பட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிப்போகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் அன்பு அதிகம் கெடுதல் செய்கிறது. வாடிய இலையைப் பார்த்தால் உடனே ஊற்றத் தோன்றும். ஆனால் வேர் அழுகினாலும் இலை அப்படியேதான் வாடும், ஏனென்றால் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி வாடியிருந்தால் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா, கீழே வைத்த தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று கவனித்து, மேல்மண் காயும்வரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது உரம். நலிந்த செடிக்கு உரம் போடுவது, காய்ச்சலில் படுத்தவருக்குக் கல்யாணச் சாப்பாடு பரிமாறுவது போலத்தான். வேர் பழுதாகியிருக்கும்போது ரசாயன உரம் போட்டால் மண்ணில் உப்பு ஏறி, வேருக்குக் கிடைக்கிற நீரும் குறையும். இலை ஓரம் கருகுவது அதனால்தான். கடலைப் புண்ணாக்கைப் பச்சையாக அள்ளி வைப்பவர்களும் உண்டு. அது மண்ணுக்குள்ளேயே நொதித்துச் சூடேறும், எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். புதுத் துளிர் வந்து நாலு இலை விரிந்தபின், ஊறவைத்துப் புளித்த புண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்விட்டு நீர்க்கச் செய்து ஊற்றினால் போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செடி பிழைத்ததும், கடைசியாக எதை ஊற்றினோமோ அதற்கே பெருமையைக் கொடுத்துவிடுகிறோம். மோர், முட்டை ஓடு, டீத்தூள் என்று ஆளுக்கொரு மருந்து இப்படித்தான் பரவுகிறது. சென்னையில் உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை மாதக்கணக்கில் ஊற்றும் வீடுகளில் தொட்டி மண்மேல் வெள்ளைப் படிவம் படிந்து, செடிகள் வளராமல் நிற்கும். ஐப்பசி மழை நாலுநாள் கொட்டியதும் அதே செடிகள் தளதளவென்று எழும். மழைநீர் உப்பைக் கரைத்து அடித்துளை வழியே வெளியேற்றியதுதான் பெரும்பாலும் காரணம். இது புரிந்தால் கோடையிலேயே சேமித்த மழைநீரையோ நல்ல தண்ணீரையோ மாதம் ஒருமுறை துளைவழி ஓடும்வரை ஊற்றி மண்ணை அலசிவிடலாம். புரியாவிட்டால், அடுத்த வருடமும் மோரைத்தான் ஊற்றிக்கொண்டிருப்போம்.

மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்தியைக் கண்டதும் கடுமையான பூச்சிக்கொல்லியை எடுப்பதும் அவசரம்தான். 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு வீட்டுச் செம்பருத்தியையும் வெள்ளையாக மூடியது. மருந்தடித்து அதை அடக்க முடியவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் கட்டுக்குள் கொண்டுவந்தன. கண்ட மருந்தையும் அடித்தால் இப்படிப்பட்ட நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும். தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மோசமான கிளைகளை வெட்டி அப்புறப்படுத்தி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதில் தொடங்குங்கள்.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு, பயப்படவும் வேண்டாம். மல்லி புதுத்துளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் தோட்டத்தில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள், மார்ச் முதல் பூ வருகிறது. அதே வெட்டை அக்னி நட்சத்திரத்தில் செய்தால் செடி தாங்காது. காகிதப்பூவுக்கோ பெரும்பாலும் பட்டினியும் முழுவெயிலுமே வேண்டும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவே தழைக்கும்.

ரோஜாவில் ஏமாற்றும் பிழைப்பு ஒன்று உண்டு. மேலே காய்ந்து, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஒரு துளிர் விறுவிறுவென்று கிளம்பும். அது வேர்ச்செடியின், அதாவது ரோஜாவை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேறு செடியின், துளிர்; நீங்கள் வாங்கிய ரோஜா அதில் பூக்காது. ஒட்டுக்கு மேலே பச்சை இருந்தால் கீழே வந்ததை உடனே அடியோடு கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் அதற்கே போகும்.

பூ வந்துவிட்டால் செடி தேறிவிட்டது என்று நம்புவதும் சரியில்லை. சாகும் நிலையிலுள்ள செடிகூடச் சிலசமயம் விதையிட்டுவிடும் வேகத்தில் கொத்தாகப் பூக்கும். இலை குறைவாகவும் மொட்டு அதிகமாகவும் இருந்தால் முதல் மொட்டுகளில் பாதிக்கு மேல் கிள்ளி எடுத்துவிடுங்கள். மனசு வலிக்கும்தான். ஆனால் வேரும் இலையும் முதலில் தேறினால், அடுத்த சுற்றில் வரும் பூவைச் செடி தாங்கும்.