கோர்ட் என்ன கேட்டது, நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்: குற்ற வழக்குகளில் உளவியலாளராக வேலை செய்வது எப்படி

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருவது போல சந்தேக நபரின் கண்ணைப் பார்த்து "இவன்தான் சார்" என்று கண்டுபிடிக்கிற வேலை இங்கே கிடையாது. சில தடய அறிவியல் ஆய்வகங்களில் தடய உளவியல் பிரிவு இருக்கிறது, அங்கே பாலிகிராஃப் (பொய் கண்டறியும் சோதனை) போன்ற வேலைகள் நடக்கும். மற்றபடி கோர்ட்டுக்கு ஒரு குற்றவாளிக் கூண்டு ஆசாமியின் மனநிலை பற்றித் தெரிய வேண்டுமென்றால், அது அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கிற மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தலையில்தான் வந்து விழும். அதனால் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகுங்கள். எம்.ஏ. உளவியல் மட்டும் போதாது, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இதுவரை அதற்கான வழி இரண்டு வருட எம்.ஃபில். படிப்பாக இருந்தது, இப்போது படிப்பின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டிருக்கின்றன, எனவே சேருவதற்கு முன் அந்த வருடத்து நிலவரத்தை ஆர்.சி.ஐ. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள், ஏனென்றால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் வரும். பெரும்பாலும் ஒரு பக்கம், அதிலும் பாதி வழக்கு எண். "எதிரியின் மனநிலை குறித்துப் பரிசோதித்து அறிக்கை அனுப்பவும்" என்று இருக்கும். எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். இந்த ஒரு வரியில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். மனநிலை என்றால் எந்த நாளின் மனநிலை?

இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இன்றைக்கு இவரால் வழக்கு விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்ல முடியுமா என்பது. இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள், பழைய நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 328, 329. முடியாது என்றால் விசாரணை தள்ளிவைக்கப்படும். இன்னொன்று, குற்றம் நடந்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத அளவுக்கு அவருக்குச் சித்தசுவாதீனம் இல்லாமல் இருந்ததா என்பது. இது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதாவது இ.பி.கோ. 84. முதல் கேள்வி நீங்கள் பரிசோதிக்கிற நாளைப் பற்றியது, இரண்டாவது அதற்குப் பல மாதம் முந்தைய ஒரு நாளைப் பற்றியது.

என் ஆரம்ப காலத்தில் ஒருவரை அழைத்து வந்தார்கள். எட்டு மாதம் சிறையில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுத் தெளிவாக இருந்தார். தேதி, கிழமை, வக்கீல் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். நான் "தற்போது தீவிர மனநோய் அறிகுறிகள் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டுப் போய்விட்டேன். அரசுத் தரப்பு அந்த வரியை எடுத்துக்கொண்டு, இவர் எப்போதுமே நன்றாகத்தான் இருந்தார் என்று வாதாடியது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "இது பரிசோதித்த நாட்களைப் பற்றியது மட்டுமே, சம்பவ நாளின் மனநிலையைப் பற்றி இந்த அறிக்கை எதுவும் கூறவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கடிதம் குழப்பமாக இருந்தால், எந்தக் காலத்து மனநிலை குறித்துக் கருத்து தேவை என்று கோர்ட்டுக்கே எழுத்தில் கேட்டுவிடுகிறேன். போனில் கேட்காதீர்கள், பதிலுக்கு ஆதாரம் இருக்காது.

அதே கடிதத்தில் ஆவணங்களையும் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், கைதானபோது எடுத்த மருத்துவக் குறிப்பு, சிறை மருத்துவமனைப் பதிவு, எல்லாம். சம்பவ நாளைப் பற்றிய கேள்வி என்றால் இவை இல்லாமல் வாய் திறக்கவே கூடாது. 1964-ல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: முக்கியமான நேரம் குற்றம் நடந்த நேரம்தான், ஆனால் அதை அதற்கு முன்னும், அப்போதும், அதற்குப் பின்னும் இருந்த நிலையிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். நிரூபிக்கும் பொறுப்பு எதிரியின் மேல் இருந்தாலும், அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தகுந்த அளவுக்குக் காட்டினால் போதும். ஆகவே ஆயுதத்தை முன்கூட்டியே வாங்கினாரா, ஆள் இல்லாத நேரம் பார்த்தாரா, முடிந்ததும் ஓடினாரா அல்லது அங்கேயே உட்கார்ந்திருந்தாரா, முதலில் பார்த்தவரிடம் என்ன சொன்னார் என்பதையெல்லாம் சாட்சி வாக்குமூலங்களில் தேடுங்கள். ஓடினார் என்பதாலேயே மனநோய் இல்லை என்று ஆகிவிடாது, அங்கேயே உட்கார்ந்திருந்ததாலேயே இருந்தது என்றும் ஆகிவிடாது. பழைய பகையாகவும் இருக்கலாம், காதில் கேட்ட குரலாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

அப்புறம் குடும்பம். பெரும்பாலும் அம்மாதான் வருவார், கையில் ஒரு மஞ்சப்பை, அதில் பழைய சீட்டுகள், காலி மாத்திரை அட்டைகள். அந்தப் பையை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகத் தேதி பாருங்கள். சில வீடுகளில் ஒரு சீட்டுகூட இருக்காது, அதனால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா, ஊர்க் கோடங்கி என்று ஒரு சுற்று உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது நினைவிருக்கும். "எப்போது நோய் ஆரம்பித்தது?" என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. "ஏர்வாடிக்கு எப்போ கூட்டிட்டுப் போனீங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டால் மாதக் கணக்கு வரும். அவர் மகனைக் காப்பாற்றத்தான் பேசுவார், அதில் தப்பில்லை. அதனால் சம்பந்தமில்லாத ஒரு ஆள், டீக்கடைக்காரரோ, வேலை கொடுத்தவரோ, சொன்னதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிரியைப் பார்க்கும்போது முதல் வார்த்தை இதுவாக இருக்க வேண்டும்: "நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை, நீங்கள் சொல்வது அறிக்கையாகக் கோர்ட்டுக்குப் போகும்." வக்கீலிடம் சொன்னதற்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு நம்மிடம் சொல்வதற்குக் கிடையாது, இதை அவர் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். ஏற்கெனவே நீங்களே அவருக்குச் சிகிச்சை தருகிறீர்கள் என்றால், மதிப்பீட்டை வேறொருவரிடம் விடச் சொல்லி எழுதுங்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களைப் பார்வை எட்டும், காது எட்டாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள், கேட்பார்கள், பணிவாகச் சொன்னால் போதும். ஒரே நாளில் முடிக்காமல் குறைந்தது மூன்று தடவை, வெவ்வேறு நாட்களில் பாருங்கள்.

அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். "காதுக்குள்ள பேசிக்கிட்டே இருக்கானுவ" என்றால் அப்படியே. அதை உடனே மருத்துவ வார்த்தையாக மாற்றிவிட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. குற்றத்தைச் செய்தாரா இல்லையா என்பது நம்மிடம் கேட்ட கேள்வியே அல்ல, எனவே மனநிலையை விளக்கத் தேவையான அளவுக்கு மேல் சம்பவத்தைப் பற்றி அறிக்கையில் கொட்டாதீர்கள்.

சோதனைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பினே-காமத் என்ற நுண்ணறிவுச் சோதனையோ வேறு எதுவோ, அது யாரை வைத்துத் தரப்படுத்தப்பட்டது, பள்ளிக்கூடமே போகாத ஒருவருக்குப் பொருந்துமா என்று சொல்லத் தெரியாத சோதனையை எடுக்காதீர்கள். நடிக்கிறாரா என்பதை ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே நோயுள்ளவரும் பயத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

பாலிகிராஃப், நார்கோ (மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் சோதனை) பற்றி ஒன்றே ஒன்று. 2010 மே 5-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாருக்கும் இவற்றைச் செய்யக் கூடாது என்றது. மாஜிஸ்திரேட் முன் பதிவான சம்மதம் இல்லாமல் ஓர் அதிகாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கருவியை ஆன் செய்யாதீர்கள்.

சிறார் வழக்குகள் தனி உலகம். 16 வயது முடிந்து 18 நிறையாதவர்மேல் கொடுங்குற்றச்சாட்டு என்றால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி சிறார் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சம்பவச் சூழ்நிலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நமக்கு இந்த வேலை கூடியிருக்கிறது. ஐ.க்யூ. சராசரி, ஆகவே விளைவு தெரியும் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது அநியாயம். விளைவு என்றால் ஜெயில் மட்டுமா? செத்துப்போனவரின் குடும்பம், தன் படிப்பு, தன் அம்மா, எல்லாம்தான். பதினாறு வயதுப் பையன் கூட்டாளிகள் நடுவில் நிற்கும்போது எவ்வளவு யோசிப்பான் என்பது காகிதச் சோதனையில் வராது.

மரண தண்டனை வழக்கு என்றால் கேள்வியே வேறு. 2022-ல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், தண்டனையை முடிவு செய்யும் முன் எதிரியின் மனநல, உளவியல் மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அங்கே ஒரு நாளின் மனநிலை அல்ல, பிறந்ததிலிருந்து ஒரு வாழ்க்கை முழுவதும் வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரப் பேட்டி போதாது.

இனி கூண்டு ஏறுவது. சம்மனில் பத்தரை மணி என்று இருக்கும், கூப்பிடுவது நாலு மணியாகவும் இருக்கலாம், வாய்தாவாகவும் போகலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அசல் கோப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். நம் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகும். நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிப்பார். ஆகவே உங்கள் ஒவ்வொரு மருத்துவச் சொல்லுக்கும் ஒரு தமிழ் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். டெலூஷன் என்றால் "எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் மாறாத தவறான நம்பிக்கை". நான் தயாரிக்காமல் போன ஒரு நாள் ஸ்கிசோஃப்ரினியா என்று சொன்னது "மனவளர்ச்சி குன்றியவர்" என்று அடிக்கப்பட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு, வழக்கே திசை மாறியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படித்ததால் திருத்தச் சொல்ல முடிந்தது. நேரமாகிவிட்டது என்று யார் முறைத்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறுக்கு விசாரணையில் "நீங்கள் டாக்டரே இல்லையே?" என்பார்கள். இல்லை, நான் மருத்துவர் அல்ல, உளவியலாளர் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வக்கீல் ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்வார், நீங்கள் தலையாட்டினால் அந்த வாக்கியம் முழுவதும் "என்று சொன்னால் சரிதான்" என்ற வால் ஒட்டி உங்கள் சாட்சியமாகப் பதிவாகிவிடும். "எதிரி தெளிவாகப் பேசினார், ஆகவே அவருக்கு நோய் இல்லை என்று சொன்னால் சரிதான்." முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. ஆகவே நிறுத்தி, "ஐயா, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, தெளிவாகப் பேசினார் என்பது சரி, நோய் இல்லை என்பது சரியல்ல" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள், வக்கீலைப் பார்த்து அல்ல. தெரியாததற்குத் தெரியாது. எதிரி சட்டப்படி பொறுப்பாளியா என்று கேட்டால் அது நீதிமன்றத்தின் முடிவு.

கோப்பின் நகலை எப்போதும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். போன முறை எனக்கு வந்த சம்மன் ஆறு வருடத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு, அதற்குள் இரண்டு ஊர் மாறியிருந்தேன். நீங்கள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விட்டால், உங்கள் இடத்தில் வந்தவரை அழைத்துச் சாட்சியம் பெறப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 336-வது பிரிவு வழி செய்கிறது. முகம் தெரியாத அந்த ஆள் உங்கள் கிறுக்கலைப் படித்துத்தான் கூண்டில் நிற்க வேண்டும், அதனால் கையெழுத்தையாவது புரிகிற மாதிரி எழுதுங்கள்.