கறிவேப்பிலையை உருவாதீர்கள், ஒடியுங்கள்

"எங்க வீட்டுல கறிவேப்பிலை மட்டும் வளரவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் வீட்டு மாடியில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். இடுப்பு உயரத்துக்கு ஒற்றைக் குச்சி, உச்சியில் மட்டும் குடை மாதிரி நாலு கொத்து. தண்ணீரிலும் உரத்திலும் குறை இருக்காது, தாளிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கீழ் இலையாகப் பார்த்து உருவி எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். உருவின இடத்தில் இலை திரும்ப வராது. நுனியை ஒடித்தால்தான் பக்கத்தில் கிளை வெடிக்கும்.

சரி, கன்றிலிருந்து தொடங்குவோம். விதை போடுவதாக இருந்தால் செடியிலேயே பழுத்துக் கருத்த பழமாகப் பறித்து, சதையைப் பிதுக்கிக் கழுவி அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். காயவைத்துப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் விதையை வாங்கவே வாங்காதீர்கள், இது மூன்று வாரம் தாண்டினாலே முளைப்புத் திறனை இழந்துவிடுகிற விதை. இதைவிடச் சுலபமான வழி, பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்று. கொஞ்சம் வேரும் தாய்மண்ணும் சேர்த்து மழைக்காலத்தில் தோண்டி எடுத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். நர்சரியில் வாங்கினால் செங்காம்பு ரகம் கேளுங்கள், ஈர்க்கு சிவப்பாக இருக்கும், மணமும் தூக்கலாக இருக்கும்.

தொட்டி குறைந்தது 15 அங்குலம் வேண்டும், அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நல்ல வெயில் படுகிற இடமாக வையுங்கள், நிழலில் வைத்தால் செடி நெட்டுக்குப் போகுமே தவிர தழையாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், ஏனென்றால் இந்தச் செடி வாடிச் செத்ததைவிட வேர் அழுகிச் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான வேலை. செடி ஓர் அடி வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பத்து இருபது நாளில் இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கடுகு அளவுக்குப் பச்சை முடிச்சு தெரியும், அதுதான் புதுக் கிளை. அது முக்கால் அடி வந்ததும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். முதல் வருடம் சமையலுக்கென்று கை வைக்காமல் இருந்தால் நல்லது. அப்புறம் தேவைப்படும்போது இலையைத் தொடாமல், கிளையின் மேல்பகுதியை இரண்டு மூன்று கொத்தோடு சேர்த்து, ஒரு கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக ஒடித்து எடுங்கள். பூ மொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிடலாம், விதை வேண்டுமென்றால் ஒரு கிளையில் மட்டும் விட்டுவையுங்கள்.

புளித்த மோர் நம் பாட்டிகள் காலத்து வழக்கம். ஒரு டம்ளர் மோருக்குப் பத்து டம்ளர் தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள், உப்புப் போட்ட மோர் மட்டும் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் செடி அப்படியே நின்றுவிடும், சில இலை மஞ்சளாகிக் கொட்டும். குளிருக்கு அது ஓய்வெடுக்கிறது. பயந்துபோய் உரத்தைக் கொட்டாதீர்கள், வெயில் ஏறினதும் தானாகத் துளிர்க்கும். ஆனால் இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து, நரம்புகளுக்கு நடுவில் மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு, போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அடிக்கடி வரும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள்.

இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழுவாக இருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் எலுமிச்சையைத் தேடும் வண்ணத்துப்பூச்சிகள் இதிலும் முட்டையிடும். வளர்ந்ததும் புழு பச்சையாகிவிடும், தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு வாடை விடும். மருந்தெல்லாம் வேண்டாம், பெரிய எலுமிச்சை மரம் பக்கத்தில் இருந்தால் அதில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். தண்டில் செதில் பூச்சி, மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து அடியுங்கள், கூடவே எறும்பையும் விரட்டுங்கள், அதுதான் இந்தப் பூச்சிகளுக்குக் காவல்.

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரான 'முர்ராயா கோனிகி'யில் இருக்கும் 'கோனிகி' 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பவரின் பெயர். தினமும் ரசத்தில் மிதக்கிற இலைக்குள் நம் ஊர்க் கடற்கரை ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றுங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் வேரைக் கொஞ்சம் வெட்டி, மேலே கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, புது மண்கலவை போட்டு நட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். வெட்டின கிளையில் இருக்கும் இலையைக் கழுவி நிழலில் காயவைத்தால் பொடிக்கு ஆகும்.