தானாகச் சாய்ந்த விமானம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கினேன். அல்சூர் வீட்டுக்கு வந்ததும் கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் பிளைட்கியர் மென்பொருளில் ஏறிவிட்டேன். கையை எடுத்தாலே விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பக்கவாட்டுக் காற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்தேன். குச்சியைத் தொடாமலே அந்தச் சின்னக் கூட்டல் குறி நடுவில் நிற்காமல் நடுங்கியது. கேலிபரேட் செய்தால், அதாவது குச்சியின் நடுவையும் எல்லைகளையும் கணினிக்கு மறுபடி காட்டினால், இரண்டு நாள் சரி, அப்புறம் பழையபடி. உள்ளே இருந்து குச்சியின் நிலையை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ இந்தக் கோளாறுதான்.

யுஎஸ்பி வயரைப் பிடுங்கி, அடித்தட்டைக் கழற்றி, மின் பாகங்களைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்தேன். குச்சியை முப்பது முறை மூலைக்கு மூலை ஆட்டி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி கேலிபரேட். டெட் ஸோன், அதாவது குச்சி அசைந்தாலும் விமானம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி, 5 சதவீதம் போதும். கூட்டினால் தரையிறங்கும்போது தேவைப்படும் நுண்ணிய அசைவு போய்விடும்.

புதிதாக வாங்குபவர்கள் ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தால் இயங்குவது, உரசலே கிடையாது. குச்சியைத் திருகினால் ரட்டர் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) அசையும் மாடல் என்றால், அதைக் காலால் இயக்கும் பெடலுக்கு இப்போதே செலவு செய்ய வேண்டாம்.

நேற்று மீனம்பாக்கத்தில் இறக்கினேன். சக்கரம் நடுக்கோட்டிலேயே பட்டது.