பகுதிநேரத் தீம் பார்க் பயண முகவராக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்னி, யுனிவர்சல் தீம் பார்க்குகள் உள்ள புளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு மூன்று நான்கு முறை போய்வந்து, எந்த நாளில் எந்தப் பூங்காவுக்குப் போகலாம், எந்த உணவகத்தில் சைவச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றெல்லாம் நண்பர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் அமெரிக்காவில் வாழும் தமிழர்களிடையே பலர் உண்டு. அவர்களிடம் என்றாவது ஒருநாள் யாராவது, "இதையே ஒரு தொழிலாகச் செய்யலாமே" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கலிபோர்னியாவில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே, ஆறு ஆண்டுகளாக மாலை நேரங்களில் இந்த முகவர் பணியைச் செய்துவருகிறேன். பூங்காக்களின் மீதுள்ள ஆசை இந்தப் பணிக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் இதில் பெரும்பாலோர் சறுக்குவது பூங்காக்களைப் பற்றித் தெரியாததால் அல்ல. இன்னொரு குடும்பத்தின் பணமும் விடுமுறையும் தம் கையில் இருப்பதை மறந்துவிடுவதால்தான்.

எல்லாவற்றுக்கும் முதலில் விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் திருத்திக்கொள்வது மிகக் கடினம். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர் தம்மை ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்காக மட்டுமே வேலை செய்யலாம். மாலையில் இரண்டு மணி நேரம் என்றாலும், உறவினருக்குச் செய்த ஒரே ஒரு புக்கிங் என்றாலும், அதற்குக் கமிஷன் வாங்கினால் அது அனுமதியற்ற வேலைதான். அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் கணவனோ மனைவியோ வேலை அனுமதி அட்டை, அதாவது ஈஏடி, பெற்றிருந்தால் சொந்தத் தொழில் உட்பட எதையும் செய்யலாம். ஆனால் 2015 முதல் வழங்கப்படும் அந்த அட்டை எச்-4 வைத்திருக்கும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிரீன் கார்டுக்கான வழியில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவருக்கு மட்டுமே கிடைக்கும். மாணவர் விசாவில் இருப்பவர்களும் இதில் இறங்கக் கூடாது. "கமிஷனை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், வேலையை நான் செய்கிறேன்" என்று ஏற்பாடு செய்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்வது யார் என்பதுதான் கேள்வியே தவிர, பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது அல்ல. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடுத்தது ஹோஸ்ட் ஏஜென்சியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அவசரம். தனியாள் ஒருவர் டிஸ்னியிடமோ யுனிவர்சலிடமோ நேரடியாகக் கமிஷன் பெறுவது நடைமுறையில் கடினம் என்பதால், பெரும்பாலோர் ஒரு தாய் நிறுவனத்தின் கீழ்த் தனி ஒப்பந்ததாரராகப் பணியாற்றுகிறார்கள். கமிஷன் முதலில் அந்த நிறுவனத்துக்கு வரும். அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தரும். நமக்கு எழுபது விழுக்காடா எண்பது விழுக்காடா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஒப்பந்தத்தில் அதைவிட ஊன்றிப் படிக்க வேண்டிய வரி வேறொன்று உண்டு: நாம் விலகிவிட்டால், ஏற்கெனவே புக் செய்து இன்னும் பயணம் முடியாத வாடிக்கையாளர்களின் கமிஷன் யாருக்குச் சேரும் என்பதே அது. நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அது முழுவதும் அவர்களுக்கே என்று இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. விலகியபோது பதினோரு குடும்பங்களுக்கு உழைத்த பலனை விட்டுவிட்டு வந்தேன். இன்னொன்றும் கவனியுங்கள். சேரும்போதே கணிசமான கட்டணமும் மாதச் சந்தாவும் கேட்டு, பயணம் விற்பதைவிடப் புதிய முகவர்களைச் சேர்த்தால்தான் அதிக வருமானம் என்று சொல்லும் இடத்தில் நீங்கள் முகவர் அல்ல, அவர்களுடைய வாடிக்கையாளர்.

வருமானத்தைப் பற்றிய மனக்கணக்கும் பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு வரி நீங்கலாக 5,000 டாலரில் அறையும் நுழைவுச்சீட்டும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் பத்து விழுக்காடு என்றால் 500 டாலர். எழுபது விழுக்காடு பங்கில் உங்களுக்கு 350 டாலர். அந்தக் குடும்பத்துக்காக நான் செலவிடும் நேரம், தொலைபேசி அழைப்புகளையும் இரவில் வரும் வாட்ஸாப் கேள்விகளையும் சேர்த்தால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைவதில்லை. கமிஷன் பணம் புக் செய்தவுடன் வராது. குடும்பம் போய்த் திரும்பிய பிறகே வரும். ஜனவரியில் புக் செய்து டிசம்பரில் பயணம் போனால், ஓராண்டு கழித்துத்தான் அந்த 350 டாலரைக் கண்ணால் பார்ப்பீர்கள். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணத்தை ரத்து செய்துவிட்டால் அதுவும் இல்லை. எனவே முதல் ஆண்டு வருமானத்தை நம்பிக் கார் தவணையோ வேறு கடனோ எடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பணத்தில் வரி பிடித்துத் தர யாரும் இல்லை. செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரை எட்டினாலே 15.3 விழுக்காடு சுயதொழில் வரி உண்டு. வழக்கமான வருமான வரி அதற்கு மேல். கொடுத்த பணத்தைக் குறிப்பிட்டுத் தாய் நிறுவனம் அனுப்பும் 1099 படிவம் கைக்கு வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும். குடும்பத்தோடு போன சொந்த விடுமுறையைத் தொழில் ஆய்வு என்று எழுதிச் செலவுக் கணக்கில் சேர்ப்பது புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு. வரித்துறையான ஐஆர்எஸ் கேள்வி கேட்டால் அதை நிலைநாட்டுவது மிகக் கடினம். முகவரானால் இலவசமாகச் சுற்றலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன்: சலுகைகள் உண்டு, ஆனால் அவை போதுமான அளவு விற்றுக் காட்டியவர்களுக்கே.

இனி வேலையின் உள்ளே நடக்கும் தவறுகள். இவற்றுள் முதன்மையானது, பழைய அனுபவத்தை இன்றைய விதியாக எடுத்துக்கொள்வது. டிஸ்னியில் நீண்ட வரிசையில் காத்திருக்காமல் செல்வதற்கு 2021இல் ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்தை லைட்னிங் லேன் மல்டி பாஸ் பிடித்தது. ஆர்லாண்டோவில் டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்னதாகவும், மற்றவர்கள் மூன்று நாள் முன்னதாகவும் இதில் நேரம் தேர்ந்தெடுக்கலாம். அது திறப்பது கிழக்கு நேரப்படி காலை ஏழு மணி. என் வீட்டுக் கடிகாரத்தில் அதிகாலை நான்கு. சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, குடும்பத்தின் விருப்பப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, 3:55க்கே கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். பத்து நிமிடம் தாமதித்தால், முக்கியமான சவாரிகளில் பிற்பகல் நேரம்தான் மிஞ்சும். ஆனால் கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டுக்கு இதே முறையைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே பூங்காவுக்குள் நுழைந்த பிறகே நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

யுனிவர்சலிலும் இப்படியொரு பொறி இருக்கிறது. அதன் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸ் 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது. அது பழைய இரண்டு பூங்காக்களுக்கு அருகில் இல்லை. பேருந்திலோ காரிலோதான் போக வேண்டும். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய விடுதிகளில் தங்குவோருக்கு அறையோடு சேர்த்துக் கிடைக்கும், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் பழைய இரண்டு பூங்காக்களுக்கு மட்டுமே செல்லும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விலையுயர்ந்த அறையை விற்றுவிட்டால், எபிக் யுனிவர்ஸின் நீண்ட வரிசையில் நிற்கும்போது அந்தக் குடும்பம் உங்களைத்தான் நினைத்துக்கொள்ளும்.

என் இரண்டாம் ஆண்டில் நான் செய்த தவறு இன்னும் மனத்தை உறுத்துகிறது. அக்டோபரில் பெற்றோரை மதுரையிலிருந்து வரவழைத்திருந்த ஒரு குடும்பத்துக்குக் கூட்டம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவைப் போட்டுக் கொடுத்தேன். கூட்டம் குறைந்ததற்குக் காரணம், அன்று ஹாலோவீன் விருந்து இருந்தது. தனிச்சீட்டு இல்லாதவர்கள் மாலை ஆறு மணியோடு வெளியேற வேண்டும். "அக்கா, ஆறு மணிக்கே கிளம்பச் சொல்றாங்க. அம்மா வாணவேடிக்கை பாக்கணும்னுதான் வந்தாங்க" என்று செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மறுநாள் திட்டத்தை மாற்றி, வேறொரு மாலைக்கு ஏற்பாடு செய்தேன். ஆனால் அந்த அம்மா முதல் நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் காத்திருந்தது இந்த ஒன்றுக்காகத்தான். அன்றிலிருந்து தேதியை உறுதி செய்யும் முன் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான விருந்து நாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

அதேபோல் குழந்தைகளின் வயதைப் பயண நாளை வைத்தே கணக்கிட வேண்டும். மூன்று வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். உயரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சில சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. மேஜிக் கிங்டமில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெய்னுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44, டிரானுக்கு 48. "நாலு வயசு, நல்ல உயரம்" என்று பெற்றோர் சொல்வது அளவு ஆகாது. சுவரோரம் நிறுத்தி அளந்து அனுப்பச் சொல்வேன்.

வாடிக்கையாளரின் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். நமக்குள் தானே என்று ஸெல் (Zelle) என்னும் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பச் சொல்லி, பிறகு தம் அட்டையில் கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. பயணம் ரத்தானால் பணம் யாருடையது என்ற தகராறு அங்கேதான் தொடங்கும். பணம் வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து நேராகப் பூங்கா நிறுவனத்துக்குப் போக வேண்டும். அட்டையின் பின்புற எண்ணை வாட்ஸாப்பில் வாங்கி வைத்திருப்பதும் பெரும் தவறு. கலிபோர்னியா, புளோரிடா, வாஷிங்டன், ஹவாய் ஆகிய மாநிலங்களில் பயணம் விற்பவர்களுக்கான பதிவுச் சட்டம் இருக்கிறது. நீங்கள் வாழும் மாநிலத்தை மட்டுமின்றி, வாங்குபவர் வாழும் மாநிலத்தையும் பார்த்து, தாய் நிறுவனத்தின் பதிவு உங்களையும் காக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொழில் பெயரிலோ இணைய முகவரியிலோ டிஸ்னியின் பெயரையும், சின்னமாக மிக்கியின் காதுகளையும் வைத்துக்கொள்வது வணிக முத்திரை விதிமீறல் என்பதையும் பலர் கடிதம் வந்த பிறகே அறிகிறார்கள்.

வாக்குறுதி கொடுப்பதில் கஞ்சத்தனம் நல்லது. "என்னிடம் விலை குறைவு" என்று சொல்லாதீர்கள். பொதுவாக முகவரிடமும் நேரடியாகவும் விலை ஒன்றுதான். பின்னர் சலுகை அறிவிக்கப்பட்டால் அதைப் பொருத்திக் கொடுப்பதே நாம் தரும் கூடுதல் பயன். மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கான டிஏஎஸ் சேவையின் தகுதி விதிகளை டிஸ்னி 2024இல் இறுக்கிவிட்டது. அது கிடைக்கும் என்று முகவர் உறுதி சொல்லக் கூடாது, குடும்பமே டிஸ்னியிடம் பேச வேண்டும். பயணக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது என்ற விளக்கத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள். காப்பீடு பற்றி எடுத்துச் சொன்னீர்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்பது மட்டும் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் முழுநேர வேலை. வாடிக்கையாளரின் அவசரம் உங்கள் அலுவலகக் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது. அதனால் ஒரே வாரத்தில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் பயணம் செய்யும்படி நான் ஏற்றுக்கொள்வதில்லை. புறப்படும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே பக்கத் தாள் ஒன்று அனுப்புகிறேன்: முன்பதிவு எண்கள், விடுதியின் தொலைபேசி, நான் எடுக்க முடியாத நேரங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பதிலாகப் பேச ஒப்புக்கொண்ட சக முகவரின் எண்.