அச்சக வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்க்கிறேன். ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி விடும் அச்சு) 3 மில்லிமீட்டர், படம் 300 டிபிஐ என்பதையெல்லாம் முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாளின் கிரெயினைப் பார்க்காமல் பிளானிங் (பெரிய தாளில் பக்கங்களை அடுக்குவது) செய்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்ளும். அந்தத் திசைதான் கிரெயின். ஈரம் பட்டால் இழை நீளவாக்கில் அதிகம் மாறாது, பருமனில்தான் ஊதும். அதனால் தாளும் கிரெயினுக்குக் குறுக்கேதான் விரியும். புத்தகத்தில் கிரெயின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பது இதனால்தான்.

ஷீட்டில் பக்கங்களைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் கூடுதலாகச் சில பக்கங்கள் உட்காரும் என்று பிளானிங்கில் இருந்த ஒரு பையன் கண்டுபிடித்தான். அச்சு அருமையாக வந்தது. பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது) முடிந்த சில நாளில் முதுகோரம் அலை அலையாக எழும்பிவிட்டது. தாள் விரியப் பார்க்கும் அதே திசையில் பசை அதை இறுக்கிப் பிடித்திருந்தது, அப்புறம் வேறென்ன ஆகும்? புத்தகம் விரித்து வைத்தால் நிற்கவில்லை. அட்டை மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரிந்தது. வாடிக்கையாளர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். தாள், பிளேட், மெஷின் நேரம், பைண்டிங் கூலி எல்லாம் போயிற்று.

எந்த ப்ரூஃபிலும் இது தெரியாது. டிசைனர், மெஷின்மேன் யார் கண்ணிலும் படாது. பைண்டர் சொல்லும்போது எல்லாத் தாளும் அச்சாகி முடிந்திருக்கும்.

கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. தாளின் இரண்டு திசையிலும் ஒரே அளவில் பட்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். மேலே இருப்பதைக் கீழே மாற்றியும் பாருங்கள். அதிகம் தொங்குவது கிரெயினுக்குக் குறுக்கே வெட்டியது. இல்லையா, ஒரு துண்டில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்கள். அது குழலாகச் சுருளும். குழலின் நீளவாட்டம்தான் கிரெயின்.

சரி, மெஷினுக்கு ஒரு திசை வசதி, பைண்டிங்குக்கு இன்னொன்று என்றால்? புத்தகமாக இருந்தால் பைண்டர் பேச்சைக் கேளுங்கள். ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது) விலகினால் மெஷின்மேன் ஓரளவு சமாளிப்பார். அலை விழுந்த முதுகை யாராலும் சரிசெய்ய முடியாது.

சிறு எழுத்துக்கு நான்கு நிறக் கறுப்பு

நான்கு மையையும் கலந்து கறுப்பாக்க வேண்டாம். கறுப்பு மை மட்டும், 100 சதவீதம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளேட், அதில் ஒன்று இம்மி விலகினாலும் எழுத்தோரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும்.

வெள்ளை எழுத்தில் ஓவர்பிரிண்ட்

ஓவர்பிரிண்ட் என்றால் அடியில் இருக்கும் நிறத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அச்சிடுவது. வெள்ளைக்கு மை கிடையாது, அதனால் எழுத்தே அச்சில் வராது.

சென்டர் பின் புத்தகத்தில் ஒரே மார்ஜின்

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுவில் பின் அடிக்கும்போது உள்தாள்கள் வெளியே தள்ளும். ஓரத்தைச் சமமாக ட்ரிம் செய்தால் நடுப்பக்கங்களில் பக்க எண் ஓரத்துக்கு வந்துவிடும், சில நேரம் வெட்டும் படும்.

மை உலருமுன் கட்டிங்

அவசரம் என்பார்கள். கட்டிங் மெஷினின் அழுத்தம் இறங்கியதும் ஒரு தாளின் மை அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.