புது கேம் ஷாஃப்ட்டின் முதல் அரை மணி நேரம்

எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வேண்டுமென்று பெரிய கேம் ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) கெட்டியான வால்வு ஸ்பிரிங்கும் போடுவார்கள். கொஞ்ச நாளில் டிக் டிக் என்று சத்தம் வரும். பிரித்துப் பார்த்தால் ஒரு லோபின், அதாவது கேமில் உள்ள புடைப்பின், முனை மழுங்கியிருக்கும், அதன் மேல் அமர்ந்து ஏறி இறங்கும் லிஃப்டரின் அடியில் குழி விழுந்திருக்கும். பழி கேம் மீது விழும். ஆனால் பெரும்பாலும் கோளாறு தொடங்கியது எஞ்சின் ஓடிய முதல் அரை மணி நேரத்தில்தான்.

இங்கே சொல்வது, லிஃப்டரின் அசைவை நீளக் கம்பிகள் வால்வு பக்கம் கொண்டு செல்லும் புஷ் ராடு எஞ்சினில் வரும் ஃப்ளாட் டேப்பெட் (அடி தட்டையான லிஃப்டர்) வகைக்கு. அடியில் உருளை வைத்த ரோலர் லிஃப்டருக்கு இவ்வளவு பாடு கிடையாது.

முதலில் ஒன்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு புது லிஃப்டர்களின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் லேசாக ஆடும். தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மெல்லிய மேடு உண்டு. லோபும் ஒரு பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஓடும்போது லிஃப்டரைச் சுழற்றுகின்றன. சுழன்றால் தேய்மானம் பரவும். நின்றுவிட்டால் ஒரே இடத்தில் உரசி, சில நிமிடங்களில் கதை முடியும்.

அதனால் புது கேமுக்குப் புது லிஃப்டர்தான். பழைய லிஃப்டரின் மேடு தேய்ந்து போயிருக்கும். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. ஒவ்வொரு லிஃப்டரும் அதன் துளையில் தன் எடையிலேயே வழுக்கி இறங்கி, விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். லோபிலும் லிஃப்டரின் அடியிலும் கேமுக்கான மாலிப்டினம் பசையைத் தாராளமாகப் பூசுங்கள்.

இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால், லோப் மீது அழுத்தம் குறைய உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பலன் பெரிது.

அப்புறம் ஆயில். லோபையும் லிஃப்டரையும் காப்பது ஜிங்க், பாஸ்பரஸ் கலந்த சேர்மம். புகையைச் சுத்தம் செய்ய புகைபோக்கியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸிடமிருந்து காப்பாற்ற, 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் ஆயில் தரம், கார்களில் பரவலாக ஊற்றும் 5டபிள்யூ-30 போன்ற ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஆகவே இந்தச் சேர்மம் அதிகமுள்ள, பிரேக்-இன் ஆயில் (முதல் ஓட்டத்துக்கான ஆயில்) என்றே விற்பதை வாங்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றி அழுத்தம் ஏற்றுங்கள். இக்னிஷன் டைமிங், பெட்ரோல், கூலன்ட் எல்லாம் சரியாக இருக்கட்டும். உடனே பற்ற வேண்டும். பற்றாமல் கிராங்க் செய்துகொண்டே இருந்தால் பூசிய பசை வழித்துப் போய்விடும்.

பற்றியதும் ஐடிலில் விடாதீர்கள். இந்த லோபுகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது தெறித்துத்தான் வருகிறது, ஐடிலில் அது போதாது. 2,000-க்கும் 2,500-க்கும் இடையே ஆர்பிஎம்மை மாற்றி மாற்றி வைத்து 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். வால்வு கவரைத் திறந்து புஷ் ராடுகளைக் கவனியுங்கள், லிஃப்டர் சுழன்றால் அதன் மேலுள்ள புஷ் ராடும் சுழலும். முன்பே ஒவ்வொன்றிலும் பெயின்ட் புள்ளி வைத்திருந்தால் எது சுழலவில்லை என்று சட்டெனத் தெரியும். ஒன்று நின்றாலும் எஞ்சினை உடனே அணையுங்கள்.

முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வந்தால் கவலையில்லை, அது மாலிப்டினம். மினுக்கும் துகள்கள் நிறைய இருந்தால் ஒரு லோப் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது கேமை மட்டும் மாற்றினால் போதாது. அந்தத் தூள் பேரிங்குகளுக்கும் போயிருக்கும், எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.